கெண்டிக்கு மூக்கு இருந்தது

அந்தக் கெண்டிக்கு மூக்கு இருந்தது. இதைச் சொல்லிச் சொல்லியே எனக்கு நாலு வருஷம் போய்விட்டது. தொல்பொருள் அலுவலகத்தில் மூன்று அதிகாரிகளிடம், ஐந்தாறு மேஜைகளுக்கு முன்னால் நின்று, தெலுங்கிலும் இங்கிலீஷிலும், பொறுமை போன பிறகு தமிழிலும்கூடச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் பதிவேட்டில் அதற்குப் பெயர் ‘தோளில் துளையுள்ள சிவப்புப் பானை, ஒன்று.’ பானையின் தோளில் எவனாவது வேலை மெனக்கெட்டுத் துளை போடுவானா என்று அதை எழுதியவர் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால், என் அம்மாவுக்கு அவள் இடம் எப்போதோ கிடைத்திருக்கும்.

அம்மாவின் இடம் என்று நான் சொல்வது கல்லறைத் தோட்டத்தில் அவளுக்கு உள்ள இடத்தை. அம்மா உயிரோடு, நல்ல குரலோடு இருக்கிறாள். நான் இதை எழுதும்போது ஹாலில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டு, முற்றின காயாகப் பொறுக்கி வாங்கி வந்ததற்காக என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் சபையின் கல்லறைத் தோட்டம் திருமுல்கேரியைத் தாண்டி இருக்கிறது. செகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் அங்கேதான் போய்ச் சேருகிறோம். இடம் எப்போதோ நிரம்பிவிட்டது. அதனால் கமிட்டி ஒரு வழி கண்டுபிடித்தது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே குழி. முதலில் போகிறவருக்கு ஏழடி ஆழம் வெட்டிப் பெட்டியை இறக்கி மூடிவிடுவார்கள். அடுத்தவர் போகும்போது பாதி ஆழம் திறந்து, அந்தப் பெட்டியை மேலே வைப்பார்கள். இதற்கு டபுள் என்று பெயர். நாலரை அடியோடு நிறுத்தினால் அது சிங்கிள். ஒருவருக்கு மட்டும்தான், திறக்கவே கூடாது.

அப்பாவும் அம்மாவும் டபுள் என்று வெகுநாள் முன்பே முடிவு செய்திருந்தார்கள். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு எதையும் முன்பதிவு செய்துவிட வேண்டும். சைனிக்புரியில் எங்கள் வீட்டு வராந்தாவில் டீ குடித்துக்கொண்டே இரண்டு பேரும் இதைப் பேசியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “மேல் பெர்த் உனக்கு, கீழ் பெர்த் எனக்கு” என்றார் அப்பா. “அப்பவும் என்னய மிதிச்சிட்டேதான் இருப்ப” என்றும் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. “முந்திப் போயிராதிய” என்று மட்டும் சொன்னாள். நாற்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் இருந்தும் அம்மா தன் திருநெல்வேலித் தமிழை விடவில்லை.

அப்பா முந்திப் போனார். பக்கவாதம் வந்து எட்டு மாதம் படுக்கையில் இருந்தார். கை வராது, பேச்சு வராது, விழுங்குவது மட்டும் கொஞ்சம் வரும். மருந்துக்கடையில் மூக்கு வைத்த வெள்ளை பிளாஸ்டிக் கப் ஒன்று வாங்கினோம். அம்மா அதில்தான் கஞ்சி ஊற்றுவாள். இடது உள்ளங்கையால் அவர் தாடையைத் தாங்கிக்கொண்டு, வலது கையால் கப்பைச் சாய்த்து, ஒரு மடக்கு ஊற்றி, தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்து, அடுத்த மடக்கு. ஒரு வேளைக் கஞ்சிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். என்னை ஒரு தடவைகூடச் செய்ய விட்டதில்லை. “நீ அவசரப்படுவ. அவியளுக்குப் பொரையேறிரும்” என்பாள். எனக்குக் கோபம் வரும். ஆனால் அவள் சொன்னது உண்மை, நான் அவசரப்படுகிற ஆள்தான்.

அவசரப்படுவதோடு இன்னொரு வியாதியும் எனக்கு உண்டு. மாதாப்பூரில் ஒரு கம்பெனியில் மென்பொருள்களைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. பிழையைப் பார்த்தால் உடனே பதிவு செய்ய வேண்டும். எங்கே பார்த்தேன், என்ன செய்தபோது வந்தது, எப்படி இருந்தது, கூடவே ஒரு படம். இருபது வருஷம் இதையே செய்தால் புத்தி வேறு எதற்கும் பயன்படாது. லிப்டில் பட்டன் வேலை செய்யாவிட்டாலும் நான் யாருக்காவது எழுதிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன்.

அப்பா ஒரு திங்கட்கிழமை காலையில் இறந்தார். செவ்வாய் நாலு மணிக்கு அடக்கம் என்று முடிவானது. செவ்வாய் காலை எட்டு மணிக்குக் கல்லறைக் கமிட்டிச் செயலாளர் போன் செய்தார். அப்பாவோடு பாடகர் குழுவில் பாடியவர், நான் பாவாடை சட்டை போட்ட காலத்திலிருந்து அங்கிள் என்று கூப்பிட்டுப் பழகியவர்.

“கொஞ்சம் வந்துட்டுப் போறியா மா? கீழ கல்லு வந்துருச்சு. நீ பாத்துச் சொல்லிட்டா நல்லது” என்றார்.

நான் ஒரே பிள்ளை. அதனால் நான்தான் போனேன். குழி வெட்டுபவர் தலை மறையும் ஆழத்தில் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதுக்காரர், அந்தத் தோட்டத்தில் பாதிக் குழிகள் அவர் கையால் வெட்டியவை. “நீச்சே பத்தர் ஹை மேடம், தேக்கோ” என்று கீழே இருந்த கல்லைக் கடப்பாரையால் காட்டினார். எங்கள் ஊரில் தோண்டினால் பாறை வருவது அதிசயம் இல்லை. ஆனால் இது பாறை இல்லை. செதுக்கின பலகைக் கற்களை ஒரு பெட்டி மாதிரி நாலு பக்கமும் நட்டு வைத்திருந்தது. மேல்மூடிக் கல்லை அவர் ஏற்கெனவே புரட்டியிருந்தார். உள்ளே மண். அந்த மண்ணில் பாதி புதைந்து, பாதி வெளியே தெரிந்தது கெண்டி.

சிவப்பு. ஒரு தேங்காயை விடக் கொஞ்சம் பெரிசு. அடி உருண்டை, கழுத்து குட்டை, தோளிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு மூக்கு, நுனி மேலே பார்த்தபடி. ஒரு கீறல் இல்லை. பக்கத்தில் சாம்பல் நிறத்தில் என்னவோ கிடந்தது. “ஹட்டி” என்றார் அவர். எலும்பு. எந்தக் காலத்திலோ யாரையோ அடக்கம் செய்த கல்பெட்டி. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

செயலாளர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “இதுல ஒண்ணும் இல்ல மா. இந்தப் பக்கம் பூரா இப்படித்தான் இருக்கு. ஓரமா அப்படியே மண்ணத் தள்ளிட்டு, இவரு இன்னும் ஒரு அடி எடுத்துருவாரு. நாலு மணிக்கு அப்பாவக் கொண்டு வரணும்ல?”

குழிக்குள்ளிருந்து அவரும் சொன்னார். “போன் நக்கோ மேடம். ஐஸா பஹுத் தேக்கா மைன்.” போன் வேண்டாமாம், இப்படி நிறையப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் பேசாமல் மூடியிருக்கிறார்.

அவர்கள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். இரண்டு பேரும் எனக்கு நல்லதைத்தான் சொன்னார்கள். நான் போனை எடுத்தேன். நாலு கோணத்தில் நாலு படம். வேப்பமரத்தடியில் நின்று தொல்பொருள் அலுவலகத்தின் முகவரியைத் தேடி, கடிதம் எழுதினேன். இடம், ஆழம், யார் கண்டது, எப்படிக் கண்டது. பொருள்: மூக்குள்ள மண்பாத்திரம், ஒன்று. நிலை: முழுமையானது. அந்த ‘முழுமையானது’ என்ற ஒரு சொல்தான் பின்னால் என் கழுத்தைப் பிடித்தது.

ஏன் செய்தேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். நாட்டின் வரலாறு, சட்டம் என்றெல்லாம் மற்றவர்களிடம் சொன்னேன். உண்மை வேறு. எட்டு மாதம் அந்த வீட்டில் நான் ஒரு காரியமும் உருப்படியாகச் செய்யவில்லை. கஞ்சி ஊற்றக்கூட லாயக்கில்லை. இதோ ஒரு காரியம், இதை எப்படிச் செய்வதென்று எனக்குத் தெரியும், அதனால் செய்தேன். அவ்வளவுதான்.

அரசாங்கம் என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான் வேகமாக வந்தது. பகல் ஒரு மணிக்கு ஜீப். இறங்கிய அதிகாரி இளைஞர், மரியாதையானவர், அப்பாவுக்காக வருத்தம்கூடத் தெரிவித்தார். பிறகு, குழியில் இனி ஒரு கடப்பாரைகூட இறங்கக் கூடாது என்றார். அலுவலகத்திலிருந்து அனுமதிக் கடிதம் வரும்வரை இந்த இடத்தைக் கமிட்டி தொடக் கூடாது. எலும்பையும் கல்லையும் எடுக்கத் தனக்கு உத்தரவு இல்லை, பாத்திரத்தை மட்டும் எடுத்துப் போவதாகச் சொன்னார். அதைத் தூக்கும்போது நான் அங்கே இல்லை. சவப்பெட்டி கொண்டுவரும் வண்டிக்காரர் வழி கேட்டுப் போன் செய்தார், வாசலுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது கெண்டியை ஒரு மாம்பழ அட்டைப் பெட்டியில் வைக்கோலுக்குள் செருகி ஜீப்பில் ஏற்றியிருந்தார்கள்.

அடக்கத்துக்கு மூன்று மணி நேரம்கூட இல்லை. பக்கத்திலேயே ஒட்டினாற்போல் வேறு குழி வெட்டினார்கள். நாலரை அடியில் நிஜமான பாறை வந்தது, கடப்பாரை நெருப்புப் பொறி பறக்க எகிறியது. செயலாளர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அது சிங்கிளாகவே நின்றுவிட்டது.

ஐந்தரை மணிக்கு அம்மாவைக் குழி அருகே கூட்டி வந்தோம். அவள் எட்டிப் பார்த்தாள். ஆழத்தைக் கண்ணாலேயே அளந்துவிட்டாள்.

“இது சிங்கிள்லா?” என்றாள்.

 அதற்குள் போதகர் ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார். இரண்டு குழியிலும் எடுத்த மண் நடுவில் ஒரே மேடாகக் கிடந்தது. மூன்று தடவை மண் போடுவது எங்கள் வழக்கம். அம்மா குனிந்து அள்ளி ஒரு தடவை போட்டாள், இரண்டாம் தடவை போட்டாள், மூன்றாவது அள்ளினாள், கையை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். களைப்பு என்று நினைத்து நான் அவள் தோளைப் பிடித்து அழைத்து வந்தேன்.

மூன்றாம் நாள் அம்மா சட்டம் போட்டாள். “அந்தச் சட்டியப் பத்தி இந்த வீட்டுல ஒரு வார்த்த வரக் கூடாது.” அத்தோடு சரி. அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள். “எடம் என்னாச்சு?” மூடிய அந்தப் பழைய குழி அப்பாவின் பக்கத்திலேயே இருந்தது. அலுவலகம் அனுமதிக் கடிதம் கொடுத்தால் அதை அம்மாவின் பெயரில் எழுதித் தருவதாகக் கமிட்டி ஒத்துக்கொண்டது. மேலே கீழே இல்லாவிட்டாலும் பக்கத்தில் பக்கத்தில். அம்மாவுக்கு வயது எழுபத்திரண்டு ஆகியிருந்தது. அந்தக் கடிதத்தை வாங்குவது என் பொறுப்பு.

கடிதம் வாங்கப் போன கதையைச் சொன்னால் யாருக்கும் அலுத்துப் போகும். முதல் வருஷம் அந்த இளைஞர் பைலில் இருக்கிறது, பைலில் இருக்கிறது என்றார்.  இரண்டாம் வருஷம் அவரை மாற்றிவிட்டார்கள். அடுத்து வந்தவருக்கு என் கடிதமே கிடைக்கவில்லை. மறுபடி அனுப்பினேன். அப்பாவின் இறப்புச் சான்றிதழ் கேட்டார், கொடுத்தேன். என் ஆதார் கேட்டார், கொடுத்தேன். அந்தப் பானைக்கும் என் ஆதாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்து மூன்று மாதம் என்னைப் பார்க்கவில்லை. சைனிக்புரியிலிருந்து அங்கே போய், அங்கிருந்து மாதாப்பூர் போய்ச் சேர அரை நாள் போய்விடும். என் விடுப்பெல்லாம் அந்த அலுவலகத்துப் பெஞ்சில் உட்கார்ந்தே தீர்ந்தது.

மூன்றாவதாக ஒரு பெண் அதிகாரி வந்தார். இவர் உண்மையாகவே வேலை செய்பவர். அதனால்தான் நிலைமை இன்னும் மோசமானது. ஒரே நாளில் கோப்பு முழுவதையும் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பதிவேட்டை ஒரு பக்கமும் என் கடிதத்தை ஒரு பக்கமும் வைத்தார்.

“மூக்குள்ள பாத்திரம், முழுமையானது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். படத்திலும் மூக்கு இருக்கிறது. எங்களிடம் இருப்பது துளையுள்ள பானை. மூக்கு எங்கே?” என்று தெலுங்கில் கேட்டார்.

“உங்கள் ஆட்கள் எடுக்கும்போது உடைந்திருக்கும்” என்றேன்.

“இருக்கலாம். உடைந்தால் துண்டு இருக்க வேண்டும். துண்டு இல்லை. ஒரு பாகம் காணாமல் போன கோப்பை நான் மூட முடியாது. மூடாமல் இடத்தை விடுவிக்க முடியாது.”

என்னைப் போலவே ஒருத்தி. ஒன்றுக்கொன்று பொருந்தாத எதையும் விடமாட்டாள். அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தால் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பேன். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

கிடங்குக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். இரும்புத் தட்டில் ஒரு எண் எழுதிய அட்டையோடு உட்கார்ந்திருந்தது. மூக்கு இல்லாமல் பார்க்க அசட்டுத்தனமாக இருந்தது, சும்மா ஒரு பானை. நான் துளையின் விளிம்பைக் காட்டினேன். மற்ற இடமெல்லாம் மங்கிய சிவப்பு. விளிம்பு மட்டும் புதுச் செங்கல் நிறம். புதிதாக உடைந்தது என்று நிரூபித்துவிட்ட சந்தோஷத்தில் நிமிர்ந்தேன். அவர் தலையாட்டினார்.

“ஆமாம், புது உடைப்பு. அப்படியென்றால் அன்றைக்கு அங்கே இருந்த யாரிடமோ இருக்கிறது.”

என் வாயே எனக்கு எதிரி. அங்கே இருந்த எல்லோரிடமும் எழுத்து வாக்குமூலம் வாங்க வேண்டும் என்றார். குழி வெட்டியவர் தனக்கு எதுவும் தெரியாது என்று கைநாட்டு வைத்தார். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் அவர் சலாம் சொல்வதில்லை. செயலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டு, “அன்னைக்கே சொன்னேன்ல மா” என்றார். நானும் எழுதிக் கொடுத்தேன். மேற்படி பாகம் என் வசமோ என் வீட்டிலோ இல்லை என்று தெளிவாக, தேதி போட்டு.

ஒரு சனிக்கிழமை மதியம் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. காணாமல் போன பாகம் குறித்து விவரம் தெரியும்வரை அனுமதி நிறுத்திவைக்கப்படுகிறது. அதைப் படித்துக்கொண்டு நிற்கும்போதே அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள்.

“ஏட்டி, எடம் என்னாச்சு?”

நாலு வருஷத்துக் கோபமும் அப்போது வந்தது. “ஒண்ணும் ஆகல. இனிமேயும் ஆகாது. அந்தச் சட்டியோட மூக்கக் காணோமாம். அது கெடைக்கிற வரைக்கும் உங்களுக்கு எடம் கெடையாது. பேசக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல, இப்பப் பேசிட்டேன். போதுமா?”

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. “எந்த மூக்கு?” என்றாள்.

“ஊத்துற மூக்கு. விரல் நீளம் இருக்கும்.”

அவள் அறைக்குப் போனாள். பீரோ திறந்தது, மூடியது. அந்த வெள்ளை பிளாஸ்டிக் கப்பைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். அதை அவள் வைத்திருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது. உள்ளே அப்பாவின் கைக்குட்டை. கைக்குட்டைக்குள் சிவப்பாக, விரல் நீளத்துக்கு, நடுவில் ஓட்டையோடு.

 என் வீட்டில் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். நான் படுக்கும் அறைக்கு அடுத்த அறையில், பீரோவின் மேல்தட்டில் அது நாலு வருஷம் இருந்திருக்கிறது.

“எதுக்கும்மா எடுத்தீங்க?”

“நா எங்க எடுத்தேன். மண்ணு போடச் சொன்னாவ. மூணாவது அள்ளும்போ கைல வந்துச்சு. கல்லுன்னு நெனச்சேன். தடவிப் பாத்தா மூக்கு. அவியளுக்குக் கஞ்சி ஊத்துன கப்பு மூக்கு மாதியே இருந்துச்சு. எட்டு மாசம் அதுலதான குடிச்சாவ. அதக் கொண்டு போயி எப்பிடிட்டி அவிய மேல எறிய முடியும்?”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீ எழுதிக் குடுத்துருவ.”

 அந்தக் கோபத்தோடு அன்றும் மறுநாளும் நான் அவளோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை. கப் மேஜையிலேயே இருந்தது, இரண்டு பேரும் அதைச் சுற்றித் தட்டு வைத்துச் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை காலையில் அம்மா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டும் சந்தன நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். “ஆட்டோ கூப்பிடு. நானே குடுக்கேன்” என்றாள். கைக்குட்டைப் பொட்டலத்தைக் கைப்பையில் வைத்து, வழியெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அந்த அதிகாரி காகிதத்தை எடுத்துக்கொண்டு, இத்தனை நாள் இது எங்கே இருந்தது என்று அம்மாவைக் கேட்டார். “கப்பில்” என்றாள் அம்மா, தெலுங்கில். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் கப் என்ன, எதற்கு என்று சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு எழுந்துபோய் ஒரு தட்டில் கெண்டியைக் கொண்டுவந்தார். மூக்கைத் துளையில் வைத்தார். ஒரு இழை பிசகாமல் உட்கார்ந்தது.

“நான் ஒரு தடவை பிடித்துப் பார்க்கலாமா?” என்று அம்மா கேட்டாள்.

அதிகாரி கதவைப் பார்த்தார், பிறகு ஒரு ஜோடி கையுறையைக் கொடுத்தார். அம்மா அவற்றை மாட்டிக்கொண்டு, மூக்கைப் பெருவிரலால் அழுத்தியபடி கெண்டியை எடுத்தாள். இடது கை தானாகக் கீழே போய் வெற்று இடத்தில் உள்ளங்கையை விரித்து நின்றது. வலது கை சாய்த்தது. ஒரு மடக்கு. நிறுத்தினாள். பார்த்தாள். அடுத்த மடக்கு. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“இதில் என்ன ஊற்றினார்களாம்?” என்று அம்மா கேட்டாள்.

தெரியாது என்றார் அதிகாரி. உள்ளே இருந்த மண்ணைச் சோதித்திருந்தால் ஒருவேளை தெரிந்திருக்கும். அட்டைப் பெட்டியில் வைக்கும்போதே கனமாக இருக்கிறதென்று அந்த மண்மேட்டிலேயே கொட்டிவிட்டார்களாம். அவருக்கும் அது ஆற்றாமை என்று முகத்தில் தெரிந்தது. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. இடம் விடுவிக்கப்படுகிறது. நாலரை அடிக்குக் கீழே தோண்டக் கூடாது. கீழே உள்ள கற்களும் எலும்புகளும் இருந்தபடியே விடப்பட வேண்டும். கமிட்டி புத்தகத்தில் அம்மாவின் பெயரை எழுதிவிட்டதாகச் செயலாளர் போன் செய்தார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக நான் அம்மாவிடம் நல்ல செய்தி சொன்னேன்.

அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், “கீழ யாரு இருக்கா?” என்றாள்.

“யாருக்குத் தெரியும்? எலும்பு இருக்கு. அப்படியே விடச் சொல்லிட்டாங்க.”

 “அப்ப எனக்கும் டபுள்தான்” என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. சாப்பாட்டு மேஜையில் இன்னும் இருந்த கப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “கெண்டிய எங்கன்னு கீழ இருக்க அந்த ஆளு கேட்டா நா என்னத்தச் சொல்ல? எம்மவ எழுதிக் குடுத்துட்டான்னா?”

கப்பின் அடியில் சிட்டிகை அளவு சிவப்பு மண் ஒட்டியிருந்தது. நான் பேச்சை மாற்றுவதற்காகக் கப்பை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

“கழுவாண்டாம்” என்றாள் அம்மா. “அப்பிடியே இருக்கட்டும். எம் பெட்டில கால்மாட்டுல வச்சிரு.”

“நம்ம சபையில அதெல்லாம் வைக்க மாட்டாங்கம்மா. கமிட்டி விடாது.”

“கமிட்டிக்கு யாரு சொல்லப் போறா? நீ எழுதிக் குடுக்காம இருந்தாச் சரி.”

கப்பைத் துடைக்காமல் கொண்டுபோய் பீரோவின் மேல்தட்டில் வைத்தேன்.